கிளி அக்காவின் புள்ளடி

1

என் மகள் வாணி குசினி மேசையில் தொலைபேசிப் புத்தகத்தை விரித்துவைத்து, அடிமட்டத்தால் பெயர்களின் மேல் கோடு கீறிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. மொன்றியலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்துத் தரிப்பு தள்ளியிருக்கும் ஒரு பாடசாலையில், வாக்கெடுப்பு நாளன்று வாக்காளர் பெயர்களைச் சரிபார்க்கும் இடாப்பு மேசையில் இருக்கப்போகிறாள். இந்த மாகாணம் கனடாவோடு இருப்பதா, பிரிந்து தனியாகப் போவதா என்று சனத்திடம் கேட்கிறார்கள். பேருந்தில், சலவைக் கடையில், நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில், எங்கும் இதே கதைதான். பல வருஷமாகப் பக்கத்து மெசினில் தைக்கும் பிரெஞ்சுக்காரி என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டாள். நான் எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டாள்.

வாணியை அந்த வேலைக்கு அனுப்பியவர்கள் பிரிவதற்கு 'ஆம்' சொல்லும் பக்கத்துக்காரர். அவளுடைய சட்டையில் அவர்களின் சின்னம் குத்தியிருந்தது. நான் 'இல்லை' பக்கம். இதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. கதைக்க வெளிக்கிட்டால் அவள் பாதியில் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். அந்த வேகத்துக்கு என்னால் பின்னால் ஓட முடிவதில்லை. அவளும் திரும்பிப் பார்த்து நிற்பதில்லை.

"அப்பா, நீங்களும் ஊரில இந்த வேலை செய்தனீங்கள்தானே? அம்மா சொன்னவ."

"ஓம். அரசாங்கக் கச்சேரியில கிளாக்கா இருந்தவையைப் பிடிச்சுப் போடுவினம்."

"ஒரே பேரில ரெண்டு பேர் இருந்தா என்ன செய்தனீங்கள்? எங்களுக்குப் பிறந்த திகதியைக் கேக்கச் சொல்லித் தந்திருக்கினம்."

"பொம்பிளையள் எண்டா புருசன்ர பேரைக் கேப்பம்."

"சொல்லாட்டில்?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இவளுடைய தாயே ஒருமுறை காட்டினாள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குடிவரவு அலுவலகத்தில் ஓர் அதிகாரி என் மனைவியிடம் கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்டார். அவள் கையால் என்னைக் காட்டினாள். நான் வாய் திறக்கக் கூடாது என்று முதலே சொல்லியிருந்தார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். இது கள்ளக் கலியாணம் என்று அவர் நினைத்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கடைசியில் மனைவி ஒரு கடுதாசியைக் கேட்டு வாங்கி அதில் என் பெயரை எழுதிக் கொடுத்தாள். வாயால் சொல்லக் கூடாதே தவிர எழுதலாம். வெளியில் வந்த பிறகு இதை நான் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். உள்ளே இருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு மேசைக்கு முன்னால் நின்ற வேறொரு பெண் என் நினைவுக்கு வந்திருந்தாள்.

2

அந்த மேசைக்குப் போக முதல் கிளி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

திருகோணமலையில் எங்களுக்குக் கலியாணமாகிய புதிதில், துறைமுகத் தொழிலாளர் விடுதிகளுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் கணபதி அண்ணனும் கிளி அக்காவும். அவர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிறேன் ஓட்டுபவர். அவர்களுக்கு ஒரே ஒரு மகன், அவன் மட்டக்களப்பில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தான். என் மனைவிக்குப் பிள்ளைப்பேறு முடிந்ததிலிருந்து வாணியைக் குளிப்பாட்டியது, வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் பருக்கியது, மடியில் போட்டுத் தட்டி நித்திரையாக்கியது எல்லாம் கிளி அக்காதான். "குஞ்சு" என்றுதான் அவளைக் கூப்பிடுவார். வாணிக்கு இது ஒன்றும் ஞாபகம் இல்லை. படத்தைக் காட்டினால், "யார் இது?" என்று கேட்கிறாள்.

எண்பதாம் ஆண்டு அரச ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் போதாது என்பதுதான் கதை. எனக்கும் போதவில்லை. கணபதி அண்ணனும் நானும் முதல் நாள் ஒன்றாகத்தான் வீட்டில் நின்றோம். வேலைக்கு வராதவர்கள் வேலையை விட்டுப் போனவர்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. மூன்றாம் நாள் காலையில் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் படலையால் கச்சேரிக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். முன்பக்கத்தால் போனால் வேலிக்கு மேலால் அண்ணனுக்குத் தெரியும்.

அவர் போகவில்லை. நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போனது போல அவருக்கும் ஒரு கடுதாசி வந்தது. இரண்டே வரி. அவர்கள் இருந்த துறைமுக விடுதியையும் விடச் சொன்னார்கள். சாமான்களை வண்டிலில் ஏற்றும்போது நான் போய்க் கை கொடுத்தேன். கிளி அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை. வண்டில் வெளிக்கிடும்போது வாணியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனார். பாலையூற்றில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறார்கள் என்றும், அண்ணன் இறக்கக்கண்டிக்குப் போய்க் கரைவலை இழுக்கிறார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். கிறேனின் மேலே இருந்த மனிதன் கரையில் நின்று கயிறு இழுத்தார். பாலையூற்று ஒரு சைக்கிள் மிதிக்குத் தூரமில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் போகவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

3

எண்பத்திரண்டு மார்கழியில் சர்வசன வாக்கெடுப்பு வந்தது. தேர்தல் வேண்டாம், இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருஷம் இருக்கட்டும் என்பது அரசாங்கத்தின் ஆசை. சரி என்பவர்களுக்கு விளக்குச் சின்னம், இல்லை என்பவர்களுக்குக் குடம். எங்கள் பக்கத்தில் பலருக்குப் பாராளுமன்றத்தின் ஆயுளைப் பற்றி அவ்வளவு அக்கறை கிடையாது. அரசாங்கத்துக்கு முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல ஒரு நாள் கிடைத்திருக்கிறது, அதை விடக் கூடாது என்றுதான் இருந்தார்கள்.

என்னைப் பாலையூற்றுப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குப் போட்டார்கள். இடாப்பு மேசை என்னுடையது. வருபவரின் பெயரைக் கேட்டு, இடாப்பில் தேடி, இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசித்து, அடிமட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அதன் பிறகு பக்கத்து மேசையில் விரலுக்கு மை, அடுத்த மேசையில் சீட்டு. எங்களுக்குத் தலைமை தாங்கியவர் வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு முதிய அதிகாரி. விடியவே எங்களை நிறுத்திச் சொன்னார்: "இடாப்பில பிழை விட்டா, விட்டவர்ர பேரைப் போட்டு அறிக்கை எழுதுவன். பிறகு என்னை நோகக் கூடாது." அந்த நாட்களில் அறிக்கை என்றால் வேலை போனது மாதிரித்தான். இரண்டு வரிக் கடுதாசி எப்படியிருக்கும் என்று பார்த்தவர்கள் நாங்கள்.

ஒன்பது மணி போல ஓர் இளம்பெண் வந்தாள். ஈரத் தலை, கையில் வாக்காளர் அட்டை இல்லை.

"பேர்?"

"தங்கம்மா."

இருநூற்றுப் பதினாலாம் இலக்கத்தில் 'க. தங்கம்மா' என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி இருநூற்று நாற்பத்தொன்றிலும் ஒரு 'க. தங்கம்மா' இருந்தது. விடிய இடாப்பைப் புரட்டும்போதே கண்டிருந்தேன். புருசனின் பெயர் தெரிந்தால், அதே வீட்டுக்காரரின் வரிகளைப் பார்த்து எது என்று பிரிக்கலாம்.

"புருசன்ர பேர் என்ன?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அதை நான் எப்பிடி வாயால சொல்லுறது?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "சொல்லன் பிள்ளை, இண்டைக்கு மட்டும் பாவமில்லை" என்றாள் ஒருத்தி. அந்த இளம்பெண்ணின் தெருவைச் சேர்ந்த, அவளுக்காகப் பெயரைச் சொல்லக்கூடிய யாரும் அந்த வரிசையில் இல்லை.

"வீட்டு இலக்கம்?"

"இலக்கம் தெரியாது. கிணத்தடி வீடு."

"என்ன அங்க? வரிசை நிக்குது" என்றார் தலைமை அதிகாரி.

அவளுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். க-வில் தொடங்கும் பெயர்களை நானே ஒவ்வொன்றாகச் சொல்லி, தலையாட்டு என்றிருக்கலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பது வழக்கம், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளுடைய முகம் சிவந்து கண் கலங்கத் தொடங்கியிருந்தது. என் மனைவியை யாராவது சனத்துக்கு நடுவில் நிறுத்தி இப்படிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். "இருநூற்றுப் பதினாலு, தங்கம்மா" என்று முதலில் கண்ட இலக்கத்தையே உரத்து வாசித்தேன். அடிமட்டத்தை வைத்தேன், கோடு கீறினேன்.

இரக்கத்தில் செய்ததுதான். அதில் கொஞ்சம் சோம்பலும் இருந்தது.

4

பதினொரு மணிக்குக் கிளி அக்கா வந்தார்.

வாசலில் நின்றே என்னைக் கண்டுவிட்டார். கோவிலுக்கு உடுக்கும் நீலச் சேலை, நெற்றியில் திருநீறு. மெலிந்திருந்தார். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவனைக் கண்டு முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் மலர்ந்தது.

"தம்பி! நீங்களோ இஞ்ச? குஞ்சு சுகமா இருக்கோ?"

"ஓம் அக்கா. அண்ணன் வரேல்லையோ?"

"அவர் இறக்கக்கண்டிக்குப் போயிட்டார். வோட்டுப் போட்டு என்ன, போடாட்டில் என்ன எண்டு சொல்லுறார். நான் கேக்கேல்லை." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வரியில கடுதாசி அனுப்பினவை தம்பி. நாங்கள் எத்தனை மனு போட்டம், ஒண்டுக்கும் மறுமொழி இல்லை. இண்டைக்குத்தான் நான் அவைக்குச் சீட்டில கீறுற ஒரு புள்ளடியில மறுமொழி எழுதப்போறன்."

இதைச் சொல்லிக்கொண்டே வாக்காளர் அட்டையை மேசையில் வைத்தார். பெயர் தங்கம்மா, இலக்கம் இருநூற்றுப் பதினாலு.

எத்தனையோ வருஷம் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறேன். அவருடைய பதிவுப் பெயர் தங்கம்மா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வீட்டுப் பெயர் ஒன்று, பத்திரத்துப் பெயர் வேறொன்று. பத்திரத்துப் பெயர் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும்தான் வெளியில் வரும்.

அந்த இலக்கத்தின் மேல் நான் கீறிய சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கட்சி முகவர் எட்டிப் பார்த்தார், அவர் குடத்தின் ஆள். அவர் துள்ளி எழும்பினார். "போட்டிட்டாங்கள்! அக்காவின்ர வோட்டைப் போட்டிட்டாங்கள்! கள்ளவோட்டு!" விளக்கின் முகவரும் எழும்பினார். வரிசை குழம்பியது. அந்த நாட்களில் கள்ளவோட்டு என்று கத்த யாருக்கும் ஆதாரம் தேவையில்லை, எல்லோரும் அதைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

"ஆர் போட்டது?" என்று கிளி அக்கா என்னைத்தான் கேட்டார். "தம்பி, என்ர பேரில ஆர் வந்தது?"

தலைமை அதிகாரி மேசைக்கு வந்தார். "இந்தக் கோடு நீங்கள் கீறினதுதானே? ஆள் வந்துதான் கீறினதோ?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஐயா, காலையில் வந்தது மற்றத் தங்கம்மா, இருநூற்று நாற்பத்தொன்று, கோட்டை மாற்றிக் கீறிவிட்டேன், ஒருவரும் களவு செய்யவில்லை, பிழை என்னுடையது என்று. சொன்னால் சரி செய்திருப்பார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அறிக்கை எழுதியிருப்பார்கள், அது மட்டும் நிச்சயம். இடாப்பில் கை வைத்த தமிழ்க் கிளாக்கர் என்று போகும். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தது. பின்பக்கத்துப் படலையால் போய்க் காப்பாற்றிய வேலை அது.

"ஓம் ஐயா. ஒரு பொம்பிளை வந்தவ" என்றேன். இது பொய் இல்லை என்றுகூட அந்த நேரத்தில் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் கைநூலைப் புரட்டினார். ஒருவரின் பெயரில் ஏற்கெனவே வாக்குப் போயிருந்தால், பிறகு வரும் உண்மையான ஆளுக்கு வேறு நிறத்தில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதைப் பெட்டிக்குள் போடுவதில்லை. அதிகாரி வாங்கி, பெயரும் இலக்கமும் எழுதி, ஒரு உறைக்குள் வைத்து மூடுவார். யாராவது வழக்குப் போட்டு, நீதிமன்றம் கேட்டால் ஒழிய அந்த உறையைத் திறப்பதில்லை. எண்ணுவதுமில்லை. யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

கிளி அக்கா அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார். மறைப்புக்குள் போய் வெகு நேரம் நின்றார். ஒரு புள்ளடிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. வெளியில் வந்து சீட்டை மடித்து அதிகாரியிடம் கொடுத்தார். அது உறைக்குள் போவதைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். நேரே என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, மற்றவையின்ரயெல்லாம் பெட்டிக்குள்ள போகுது. என்ரயை ஏன் உறைக்குள்ள வைக்கினம்? அதை எண்ணுவினமோ?"

அங்கே அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தான்.

"ஓம் அக்கா. எண்ணுவினம்."

"அப்ப சரி" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். பின்னேரம் பெட்டி மூடும்வரை இருநூற்று நாற்பத்தொன்றாம் இலக்கத்தில் கோடு விழவில்லை. நான் அடிக்கடி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாடு முழுவதையும் கூட்டியபோது விளக்கு வென்றது. ஒரு வாக்கால் ஒன்றும் மாறியிருக்காது. இந்தக் கணக்கை எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். கிளி அக்கா நாட்டை மாற்ற வரவில்லையே, ஒரு கடுதாசிக்கு மறுமொழி எழுதத்தானே வந்தார் என்ற இடத்தில் வந்து அது நின்றுவிடும்.

அடுத்த வருஷம் கலவரத்தில் ஊர் எரிந்தது. அதற்கு அடுத்த வருஷம் நாங்கள் வெளிக்கிட்டோம். கிளி அக்காவிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை.

5

இங்கே வாக்கெடுப்பன்று நானும் மனைவியும் எங்கள் தெருப் பாடசாலைக்குப் போனோம். மேசையில் இருந்த பையன் இங்கே குடும்பப் பெயராகிவிட்ட என் அப்பாவின் பெயரால் என்னைக் கூப்பிட்டான். பதினொரு வருஷமாக இந்த நாட்டில் என் அப்பா எல்லா அலுவலகங்களுக்கும் போய் வருகிறார், நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். மனைவியிடம் பெயரைக் கேட்டான், சொன்னாள். கணவர் பெயரைக் கேட்கவே இல்லை. இந்த மாகாணத்துச் சட்டத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான். இவ்வளவு இலகுவான காரியமா இது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வாணியின் பக்கம் மயிரிழையில் தோற்றது. மறுநாள் காலையில் அவள் அறையை விட்டு வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். வெற்றி பெற்றவன் நான், என்ன சொல்லித் தேற்றுவது? தட்டினேன். அவள் கதவைத் திறக்காமலே தமிழில் சொன்னாள்: "நான் எல்லாப் பேருக்கும் சரியாக் கோடு கீறினனான் அப்பா. ஒண்டுகூடப் பிழைக்கேல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாலையூற்றுக்கு அழைப்பு எடுத்தேன். கிளி அக்காவுக்கு வருஷத்துக்கு இரண்டு கடிதம் என் மனைவி போடுவாள். அவர் இப்போது இருக்கும் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் காசிம் காக்காவின் கடையில் தொலைபேசி இருக்கிறது. அரை மணித்தியாலம் கழித்து எடுங்கள், ஆளைக் கூட்டி வந்து வைக்கிறேன் என்றார் அவர். அந்த அரை மணித்தியாலத்தில் சொல்லவேண்டியதை ஒரு கடுதாசியில் எழுதினேன். மூன்று வரி வந்தது.

"தம்பியோ? எத்தினை வருஷம் ராசா உங்கட குரலைக் கேட்டு!"

சுகம் விசாரித்தோம். கணபதி அண்ணன் போன வருஷம் செத்துப்போனது மனைவிக்கு வந்த கடிதத்தில் எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் முழுவதையும் சொன்னார், கேட்டேன். பிறகு கடுதாசியைக் கையில் எடுத்தேன்.

"அக்கா, அந்த வோட்டு நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? உங்கட வோட்டை..."

"மறப்பனோ தம்பி!" என்று அவர் இடையில் புகுந்தார். "அதைத்தானே அவர் சாகுமட்டும் சொல்லிக்கொண்டு இருந்தவர். பெட்டியில போட்டதுகளை என்ன செய்தாங்களோ ஆருக்குத் தெரியும், என்ர மனுசியின்ரயை மட்டும் எங்கட தம்பி மேசையில இருந்து தனி உறையில வைச்சு முத்திரை குத்தி அனுப்பினவன், அதில ஒருத்தனும் கை வைக்க ஏலாது எண்டு. வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவார். வேலை போன பிறகு அந்த மனுசன் தலை நிமிர்ந்து கதைச்ச ஒரே கதை அதுதான்."

நான் கடுதாசியைப் பார்த்தேன். எழுத்துத் தெரிந்தது, வாசிக்க முடியவில்லை.

"தம்பி? இருக்கிறியளோ? லைன் அறுந்திட்டுதோ?"

"இருக்கிறன் அக்கா."

"குஞ்சு என்ன செய்யுது? பெரிய பிள்ளையாகியிருக்கும்."

"படிக்கிறாள். போன கிழமை இஞ்சயும் வோட்டு. இடாப்பு மேசையில இருந்தவள்."

"இடாப்பு மேசையிலயோ!" கிளி அக்காவுக்குச் சந்தோஷத்தில் குரல் உயர்ந்தது. பக்கத்தில் நின்ற காசிம் காக்காவுக்கும் அதை உரத்துச் சொன்னார். பிறகு என்னிடம், "அப்ப, தகப்பனைப் போலவே வந்திட்டாள்" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.